தூரம் என்ற கட்டம்

சானெட்டி மேட்டில் பதினோராவது நாள்.
பேனா மை உறைகிறது, ஆகவே பென்சில்.
கையுறையில் ஆள்காட்டி விரலை மட்டும் வெட்டிவிட்டிருக்கிறேன்.
விடிந்ததை முதலில் அறிவது அந்த விரல்தான்.

6.10. அரிவாள் மூக்கன்கள், ஒன்பது.
துருப்பிடித்த கதவொன்றைத் தூக்கிக்கொண்டு பறப்பதுபோல் இரைச்சல்.
6.25. ஓடையோரம் கானாங்கோழி.
அடிக்கொரு தரம் வாலை நிமிர்த்தி
வெள்ளையைக் காட்டி மறைக்கிறது.
6.40. முயல்.
6.41. முயல் இல்லை.
பனிமூட்டத்தில் இரண்டாள் உயர லொபீலியா ஒன்றை
நியாலா மான் என்று எழுதி
அடித்துத் திருத்தினேன்.

7.15. முதலில் மண்ணுக்குள்ளிருந்து மண் வந்தது.
பிறகு மண்ணெலி.
கண்கள் உச்சந்தலையில்,
அவசரத்தில் இடம் மாற்றி வைத்துவிட்டதுபோல.
பின்னங்கால்களை வளைக்குள்ளேயே ஊன்றிக்கொண்டு
எட்டும்வரை புல்லை வெட்டி இழுக்கிறது.
அதற்கு
பாதி உடம்பு போய்வருகிற தூரம்தான் வெளியூர்.

புதுமண்ணின் மேல் பழுப்புச் சிட்டு.
எலி கிளறினால் புழு; ஆபத்தென்றால் சிட்டு கத்தும்.
‘கத்துவது எலிக்காகவா, தனக்காகவா?’
அடிஸ் அபாபாவில், கணப்பருகே,
என் பேராசிரியர் கேட்டார்.
பதினொரு நாளாய் அந்தக் கேள்விக்காகத்தான்
குளிரில் கிடக்கிறேன்.

ஓநாயை அப்துரோ ‘ஜெடல்லா ஃபர்தா’ என்கிறார்,
குதிரையின் நரி.
ஈனப்போகும் குதிரையின் பின்னாலேயே நடக்குமாம்
நஞ்சுக்கொடிக்காக.
என் படிவத்தில் அது: ஓநாய், பெண், வளர்ந்தது.
அவர் வாயில் அவள்.
‘ராத்திரி உன் கூடாரத்தைச் சுற்றி நடந்தாள், லுபாபா.
உனக்கு எத்தனையாவது மாதம்?’
சிரித்துக்கொண்டே ஆடுகளை ஓட்டிப் போனார்.
எனக்கும் சிரிப்பு வந்தது,
தேநீர் மூக்கில் ஏறும் அளவுக்கு.

8.50. சிட்டு மேட்டைவிட்டு எழுந்து
என் பூட்சுக்கு வந்தது.
கால் மரத்துப்போய்க் குதிகாலால் நான் தோண்டியிருந்த குழியில்
ஒரு புழுவை எடுத்தது, இன்னொன்றையும்.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
அதன் கணக்கில் நானும் மண் கிளறும் ஒரு பிராணி,
கொஞ்சம் பெரியது, வேலையில் மந்தம்.

பிறகு கத்தியது.

நாற்பதடி தள்ளி எலி
இல்லாமல் போனது.
வானத்தைப் பார்த்தேன், பருந்து இல்லை.
புல்லைப் பார்த்தேன்.
அலகு என் தோளுக்கு அப்பால் நீண்டிருந்தது.

திரும்பினேன்.
ஏழடியில் அவள்.
வயிறு தரையோடு, காதுகள் மடங்கி,
செம்மயிரில் உறைபனித் துகள்.
இவ்வளவு நேரமாக என் முதுகு
அவள் ஒளிந்துகொண்ட பாறை.

அவள் என்னைப் பார்க்கவில்லை.
வெற்று வளையைப் பார்த்தாள்,
சிட்டைப் பார்த்தாள்.
எழுந்து உதறினாள், கொட்டாவி விட்டாள்,
வாலின் கருநுனி கடைசியாக மறைந்தது.

வேட்டை முயற்சி: எட்டு. வெற்றி: இரண்டு.
தோல்விக்குக் காரணம்: சிட்டு.
யாருக்காகக் கத்தியது என்று எழுதவில்லை.
எனக்காக என்று எழுதினால்
பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.
தூரம்: ஏழடி.
‘பார்வையாளரால் பாதிப்பு உண்டா?’ என்ற கட்டத்தில்
பென்சில் முனை ஒடிந்தது.
அவள் என்பதை அது என்று
மூன்றிடங்களில் திருத்தினேன்.

நண்பகல் தாண்டி அப்துரோ வந்தார், நாயோடு.
பக்கத்து மந்தையில் கடனாகக் கொண்டுவந்த புது நாயாம்.
வெறிநோய் ஊசி போட்டதற்கான நீலப் பட்டை
அதன் கழுத்தில் இல்லை.
அவள் படுத்திருந்த இடத்தை
அது மோந்தது,
புல்லைப் புல்லாக, விடாமல்.
அப்துரோ சீழ்க்கையடித்தார்.
மறுபடி அடித்தார்.

12.20 என்கிறது என் கடிகாரம்.
அவர் கணக்கில் ஆறு இருபது.
இரண்டையும் எழுதிக்கொள்கிறேன்.
நாய் இன்னும் தலையைத் தூக்கவில்லை.